சூறாவளிக்குப் பின் சான்கோச்சோ: புவேர்ட்டோ ரிக்கோவில் 37 லட்சம் சாப்பாடு சமைத்த கதை

2017 செப்டம்பர் 20 காலை. மரியா சூறாவளி, அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட கரீபியன் தீவான புவேர்ட்டோ ரிக்கோவின் தென்கிழக்கு மூலையில், யபுகோவா என்ற ஊருக்குப் பக்கத்தில் கரை ஏறியது. காற்றின் வேகம் மணிக்கு 250 கிலோமீட்டர். தீவைக் குறுக்கே கடந்து அது கடலுக்குத் திரும்பியபோது மின்கம்பி என்று சொல்ல ஒன்றும் உருப்படியாக இல்லை. கைபேசிக் கோபுரங்களில் 95 விழுக்காடு செத்துக் கிடந்தன. ஏடிஎம் வேலை செய்யாததால் கையில் காசு கிடையாது. பெட்ரோல் பங்க்குகளில் வரிசை மணிக்கணக்கில் நின்றது.

கரண்ட் போன வீட்டில் முதல் இரண்டு நாள் சாப்பாட்டுக்குப் பஞ்சமிருக்காது. ஃப்ரிட்ஜில் இருப்பதெல்லாம் கெடுவதற்கு முன் சமைத்தாக வேண்டும் என்பதால் அக்கம்பக்கத்துக்கும் சேர்த்துப் பொங்குவார்கள். மூன்றாம் நாள்தான் வயிறு கேள்வி கேட்க ஆரம்பிக்கும்.

தலைநகர் சான் ஹுவானில் சான்துர்சே என்ற பகுதி. அங்கே பழைய காய்கறிச் சந்தையை ஒட்டி ஹொசே என்ரிக்கே என்ற சமையல்காரர் தன் பெயரிலேயே ஓர் உணவகம் வைத்திருந்தார். கூரை ஒழுகியது, மின்சாரம் இல்லை. கேஸ் அடுப்பு மட்டும் எரிந்தது. இருந்த சரக்கைப் போட்டு சான்கோச்சோ காய்ச்சி அக்கம்பக்கத்துக்கு ஊற்றினார். சான்கோச்சோ என்றால் மாட்டிறைச்சி, மக்காச்சோளம், வாழைக்காய், சேம்பு, மரவள்ளி எல்லாம் ஒரே பானையில் கிடந்து குழையும் குழம்பு. கிழங்கு கரைந்து குழம்பு தானாகக் கெட்டிப்படும். கையில் என்ன கிடைத்தாலும் போடலாம். அளவு கூட வேண்டுமானால் இன்னும் கொஞ்சம் தண்ணீரும் கிழங்கும் சேர்த்தால் போதும். பேரிடருக்கென்றே யாரோ கண்டுபிடித்த பதார்த்தம் போல இருக்கும்.

செப்டம்பர் 25ஆம் தேதி அமெரிக்காவிலிருந்து புகழ்பெற்ற சமையல்காரர் ஹொசே ஆந்த்ரேஸ் வந்து சேர்ந்தபோது இந்தப் பானை ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது. இந்த ஆய்வில் நான் முதலில் பதிய விரும்புவது இதைத்தான். அடுத்த சில வாரங்களில் உலகம் முழுக்கப் பேசப்பட்ட அந்தச் சமையலின் முதல் அடுப்பைப் பற்றவைத்தது உள்ளூர்க்காரர். புகழ்பெற்றவர் செய்தது அதன் பக்கத்தில் அடுத்த அடுப்பை வைத்தது. அடுத்தவர் அடுப்பைப் பிடுங்காமல் தன் அடுப்பைப் பக்கத்தில் போடத் தெரிவது பெரிய விஷயம். நிவாரணத் தொழிலில் இருப்பவர்களிடம் கேட்டால் அது எவ்வளவு அபூர்வம் என்று சொல்வார்கள்.

பீன்ஸ் கற்றுக்கொடுத்த பாடம்

ஆந்த்ரேஸ் 1969இல் ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில், மியேரெஸ் என்ற சுரங்க ஊரில் பிறந்தவர். பேர்பெற்ற ஸ்பானியச் சமையல்காரர் ஃபெர்ரான் அட்ரியாவின் எல் புய்யி உணவகத்தில் வேலை பழகி, 1991இல் அமெரிக்கா போய், 1993இல் வாஷிங்டனில் ஹலேயோ என்ற ஸ்பானிய உணவகத்தோடு பெயர் எடுத்தார். அதே ஊரில் ராபர்ட் எக்கர் 1989இல் தொடங்கிய டிசி சென்ட்ரல் கிச்சனில் நெடுங்காலம் தொண்டு செய்தார். வீணாகப் போகும் உணவை வாங்கிச் சமைப்பது, வீடற்றவர்களையும் சிறையிலிருந்து வந்தவர்களையும் சமையல் வேலைக்குப் பழக்குவது என்பது அந்த அமைப்பின் வழி. பின்னாளில் இவர் தன் அமைப்புக்கு வேர்ல்ட் சென்ட்ரல் கிச்சன் என்று பெயர் வைத்ததற்கு மூலம் அங்கேதான் இருக்கிறது.

2010 ஜனவரி 12 ஹைட்டி நிலநடுக்கத்துக்குப் பிறகு ஒரு முகாமில் சமைக்கப் போனார். கறுப்பு பீன்ஸ் வேகவைத்தார். முகாமில் இருந்த பெண்கள் சுவைத்துப் பார்த்துவிட்டு, நாங்கள் இப்படிச் சாப்பிட மாட்டோம் என்று சொன்னார்கள். அவர்கள் வழக்கப்படி பீன்ஸை மசித்து, வடிகட்டி, சாஸ் போல வழவழப்பாக்கிச் சோற்றின் மேல் ஊற்றுவார்கள். உலகத்தரமான சமையல்காரர் கையில் சல்லடையைக் கொடுத்து மறுபடி வேலை வாங்கினார்கள். இந்தக் கதையை அவர் எத்தனையோ மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

இதில் பணிவு பற்றிய நீதிக்கதையைவிடத் தொழில் பற்றிய செய்தி அதிகம். ரசத்தைப் பருப்புக் கடைசல் என்று சொல்லிக் கொடுத்தால் நம் ஊரில் என்ன நடக்கும்? வாங்கியவர் இரண்டு வாய் வைத்துவிட்டு இலையை மூடுவார். அரசுக் கணக்கில் அது 'வழங்கப்பட்ட உணவு'. சமையல்காரர் கணக்கில் அது திரும்பி வந்த தட்டு. உணவகம் நடத்துகிறவர் திரும்பி வரும் தட்டைப் பார்த்தே பிழைப்பவர். நிவாரண அதிகாரிக்கு அந்தத் தட்டு கண்ணிலேயே படாது. புவேர்ட்டோ ரிக்கோவில் நடந்த இழுபறி முழுவதையும் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்தே படிக்கலாம்.

ஹைட்டிக்குப் பிறகு ஏழாண்டுகள் வேர்ல்ட் சென்ட்ரல் கிச்சன் செய்தது பெரும்பாலும் சிறு வேலைகள்: புகையில்லா அடுப்பு, பேக்கரி, சமையல் பயிற்சி. 2017 ஆகஸ்டில் ஹார்வி சூறாவளி ஹூஸ்டனை மூழ்கடித்தபோது ஆந்த்ரேஸ் அங்கே போய் உள்ளூர் சமையல்காரர்களோடு வேலை பார்த்தார். அது ஒத்திகை. ஒரு மாதத்தில் மேடையே வந்துவிட்டது.

ஆயிரத்திலிருந்து ஒன்றரை லட்சம்

முதல் நாள் ஹொசே என்ரிக்கே உணவகத்தில் சுமார் ஆயிரம் சாப்பாடு. அடுத்தடுத்த நாட்களில் அது தாவித் தாவி ஏறியது. உணவகத்தின் வாசலும் எதிர்த் தெருவும் சமையற்கட்டாக மாறின. மருத்துவமனைகளிலிருந்து ஆள் வந்தது. நோயாளிக்கு ஏதோ இருந்தது, இரவு பகலாக நின்ற நர்ஸுகளுக்கும் டாக்டர்களுக்கும் ஒன்றும் இல்லை. அப்படித்தான் ஒவ்வொரு 'ஆர்டரும்' பிறந்தது. யாரோ ஒருவர் நடந்து வந்து, எங்களிடம் இத்தனை பேர் என்று சொல்வார். அது ஒரு துண்டுச் சீட்டில் ஏறும். தேவை பற்றிய மதிப்பீட்டு அறிக்கை என்று தனியாக எதுவும் எழுதவில்லை. அந்தச் சீட்டுகள்தான் அறிக்கை.

உணவகம் போதாமல் போனபோது போன இடம், தீவின் மிகப் பெரிய உள்ளரங்கமான கோலிசேயோ. ஊர்க்காரர்கள் வாயில் அது 'சோலிசேயோ'. விளையாட்டரங்கம் என்பது நடுவில் ஆட்டத்தை வைத்திருக்கும் ஒரு பிரம்மாண்ட உணவகம்தான் என்று ஆந்த்ரேஸ் அடிக்கடி சொல்வதுண்டு. யோசித்தால் சரிதான். ஆயிரக்கணக்கானோருக்கு இரண்டு மணி நேரத்தில் தீனி கொடுப்பதற்காகவே கட்டிய அடுக்களைகள், குளிர் அறைகள், சரக்கு லாரி வந்து நிற்கும் மேடை, ஜெனரேட்டர் எல்லாம் அங்கே தயாராக இருக்கும். 2005இல் கத்ரீனா சூறாவளியின்போது நியூ ஆர்லியன்ஸின் சூப்பர்டோம் அரங்கத்தில் ஆயிரக்கணக்கானோர் பசியோடு அடைந்து கிடந்ததை உலகம் பார்த்தது. அந்தக் கட்டடத்தைச் சமையற்கட்டாகப் பார்க்க ஆள் இல்லாமல் போனதுதான் கொடுமை.

அரங்கத்துக்குள் வேலை இரண்டாகப் பிரிந்தது. வெளியே, வண்டி நிறுத்துமிடத்தில், பாயேயா என்ற ஸ்பானியச் சோறு சமைக்கும், ஆள் படுத்து உருளலாம் போன்ற வாணலிகள். துடுப்புப் போன்ற கரண்டியால் கோழிச்சோறு கிளறினார்கள். நம் ஊர்க் கல்யாணச் சமையல் மாஸ்டர் பார்த்தால் வாணலியின் ஆழம் போதாது என்று குறை சொல்வார். ஆனால் அகலமும் ஆழமின்மையும்தான் அதன் சூட்சுமம். ஆழமான அண்டாவில் அடிச்சோறு குழையும், மேல்சோறு விறைக்கும். தட்டையான வாணலியில் சூடு எங்கும் ஒரே மாதிரி பரவும், தண்ணீர் சீக்கிரம் வற்றும். அனுபவமில்லாத தன்னார்வலர் கிளறினாலும் சோறு ஓரளவு ஒரே பதத்தில் வரும்.

உள்ளே சாண்ட்விச் வரிசை. நீண்ட மேசைகள், இருபுறமும் ஆட்கள். ஒருவர் ரொட்டி பரப்ப, அடுத்தவர் மயோனைஸ் தடவ, அடுத்தவர் பன்றித்தொடைத் துண்டும் பாலாடைக்கட்டியும் வைக்க, கடைசி ஆள் மூடி அடுக்குவார். மயோனைஸ் விஷயத்தில் ஆந்த்ரேஸ் கறாராக இருந்தார்: ஓரம் வரை தடவு, தாராளமாகத் தடவு. ருசிக்கு மட்டும் சொன்னதில்லை. மலையூருக்குப் போகும் வண்டி நான்கைந்து மணி நேரம் வெயிலில் ஓடும். காய்ந்த ரொட்டி தொண்டையில் நிற்கும், குடிக்கவோ தண்ணீர் தட்டுப்பாடு. அந்தக் கொழுப்புப் படலம் ரொட்டியின் ஈரத்தையும் காக்கும், வயிற்றுக்கும் நிற்கும். சாண்ட்விச்சுக்குத் தட்டு, கரண்டி, சூடாக்க அடுப்பு எதுவும் தேவையில்லை. சூடான சோற்றுக்கு வெப்பம் காக்கும் பெட்டி வேண்டும், 60 டிகிரிக்குக் கீழே இறங்கினால் கெடுகிற கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். அதனால் பக்கத்து ஊர்களுக்குச் சோறு, தூரத்து ஊர்களுக்கு ரொட்டி என்று தானாகவே ஒரு வகுப்பு உருவானது.

தூரம் குறையக் குறையத்தான் சோறு கூடும் என்பது புரிந்ததும் அடுத்த வேலை தெளிவானது. சான் ஹுவானில் சமைத்து ஊர் ஊராக அனுப்புவதை விட்டுவிட்டு ஊருக்கு ஊர் சமைக்க வேண்டும். வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, எங்கே அடுப்பு இருக்கிறது என்று தேடினார்கள். சமையல் பள்ளி, தேவாலய அடுக்களை, மூடிக் கிடந்த உணவகம் என்று கிடைத்தது எல்லாம் கிளை ஆனது. நகுவாபோவில் ஒரு தேவாலயம், தெற்கே பொன்ஸே, கடல் தாண்டி வியேக்கஸ் தீவு. கடைசியில் இருபதுக்கும் மேற்பட்ட சமையற்கூடங்கள், தன்னார்வலர்கள் ஆயிரக்கணக்கில். உச்சத்தில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,50,000 சாப்பாடு.

தெருவோர உணவு வண்டிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வேலையின்றி நின்ற வண்டிக்காரர்கள் முதல் வாரத்திலேயே சேர்ந்துகொண்டார்கள். ஒரு வண்டி என்பது சக்கரம் வைத்த அடுக்களை மட்டும் இல்லை, கண்ணும் காதும் கூட. கைபேசி ஊமையாகிவிட்ட தீவில் எந்தக் குடியிருப்பில் படுத்த படுக்கையாக முதியவர்கள் இருக்கிறார்கள், மின்தூக்கி நின்றுபோய்ப் பத்தாம் மாடியில் சிக்கியவர்கள் யார், எந்தப் பாலம் உடைந்தது என்ற சேதியெல்லாம் மாலையில் திரும்பி வந்த வண்டியோடுதான் வந்தது. சோறு கொடுக்கப் போனவன் வீட்டுச் சேதியும் கேட்டு வருவான் என்பது நமக்குப் புதிதில்லை.

சரக்கு எங்கிருந்து வந்தது? தீவு தன் உணவில் ஏறக்குறைய 85 விழுக்காட்டை இறக்குமதி செய்கிறது. அதோடு, அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையே சரக்கு ஏற்றும் கப்பல் அமெரிக்காவில் கட்டியதாக, அமெரிக்கக் கொடியோடு, அமெரிக்க மாலுமிகளோடு இருக்க வேண்டும் என்ற 1920ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. ஜோன்ஸ் சட்டம் என்பார்கள். செப்டம்பர் 28 முதல் பத்தே நாட்களுக்கு அதைத் தளர்த்தினார்கள். ஆனால் அன்றைய முட்டுக்கட்டை கடலில் இல்லை. துறைமுகத்தில் ஆயிரக்கணக்கான கொள்கலன்கள் குவிந்து கிடந்தன. ஏற்றிச் செல்ல டீசல் இல்லை, ஓட்டுநர்களைக் கூப்பிட போன் இல்லை, சாலையில் மரங்கள். உள்ளூர் மொத்த வியாபாரிகளின் குளிர்க்கிடங்குகளிலோ கோழியும் அரிசியும் இருந்தன. வாங்க வேண்டிய உணவகங்கள்தான் மூடிக் கிடந்தன. ஆந்த்ரேஸ் அவர்களிடம் போய்க் கடனுக்குச் சரக்கு எடுத்தார். பணம் பிறகு வரும் என்பது அவர் வாக்கு. தொழிலில் பெயர் இருக்கிறவருக்குத்தான் அந்தக் கடன் கிடைக்கும். இதை எல்லோரும் செய்துவிடலாம் என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் படித்துவிடுகிறார்கள்.

ஃபெமாவோடு மல்லுக்கட்டு

ஃபெமா என்பது அமெரிக்க நடுவண் அரசின் பேரிடர் முகமை. அதை வில்லனாக்கிக் கதை சொல்வது எளிது, நிறையப் பேர் சொல்லியும்விட்டார்கள். கொஞ்சம் நியாயமாகப் பார்ப்போம். அந்த ஒரே பருவத்தில் ஹார்வி, இர்மா, மரியா என மூன்று பெரும் சூறாவளிகள். இரண்டு வாரம் முன்பு இர்மா பக்கத்து வெர்ஜின் தீவுகளைத் துவைத்தபோது, புவேர்ட்டோ ரிக்கோவில் இருந்த முகமையின் கிடங்கிலிருந்து 80 விழுக்காடு சரக்கை அங்கே அனுப்பிவிட்டார்கள். தண்ணீர் முழுவதும் போய்விட்டது. தார்ப்பாயும் கட்டிலும் கூட மிச்சமில்லை. அனுப்பியதில் தப்பில்லை, அங்கேயும் மனிதர்கள்தான். நிரப்புவதற்குள் மரியா வந்துவிட்டது. தேவையைக் குறைத்து மதிப்பிட்டதையும், தகுந்த ஆட்கள் போதாமல் போனதையும் 2018 ஜூலையில் வெளியிட்ட தன் சொந்த ஆய்வறிக்கையிலேயே முகமை ஒப்புக்கொண்டது.

அதே நேரம் முகமை அனுப்பிய உணவைப் பாருங்கள். ராணுவத்தினர் களத்தில் பிரித்துச் சாப்பிடும் பொட்டலம் ஒரு வகை. மற்றொரு வகை, டப்பா சாஸேஜும் சிப்ஸும் மிட்டாயும் வைத்த பெட்டி. உயிர் காக்கும், மறுக்கவில்லை. சர்க்கரை நோயோடு இருக்கும் எழுபது வயதுப் பாட்டிக்கு ஒரு வாரம் அதைக் கொடுத்துப் பாருங்கள்.

ஆந்த்ரேஸின் அமைப்புக்கு ஃபெமா இரண்டு குறுகியகால ஒப்பந்தங்கள் கொடுத்தது. இரண்டும் சேர்ந்து ஒரு கோடி டாலருக்குச் சற்று மேல். அக்டோபர் கடைசியில் காலம் முடிந்தது, நீட்டிக்கவில்லை. போட்டி ஏலமின்றிப் பெரிய தொகை கொடுக்க விதி இடமளிக்காது என்பது முகமையின் வாதம். கத்ரீனா கால ஒப்பந்த ஊழல்களுக்குப் பிறகு இறுகிய விதிகள் அவை. காரணமில்லாத விதிகள் என்று சொல்ல முடியாது. மக்கள் பசியோடு இருக்கும்போது ஏலமா என்பது ஆந்த்ரேஸின் கோபம். அதை அவர் அடக்கி வாசிக்கவும் இல்லை. ட்விட்டரில், தொலைக்காட்சியில், கூட்டங்களில் பொரிந்து தள்ளினார். அதிகாரிகள் தரப்பில், ஒப்பந்தம் கிடைக்காத எரிச்சலில் விளம்பரம் தேடும் வியாபாரி என்ற தொனியில் பதில் வந்தது. அதிபர் டிரம்ப்போடு அவருக்குப் பழைய வழக்கு ஒன்று உண்டு என்பதும் சேர்ந்துகொண்டது. டிரம்ப்பின் வாஷிங்டன் விடுதியில் திறக்க இருந்த உணவகத்தை, மெக்சிகர்கள் பற்றிய பேச்சுக்காக 2015இல் அவர் கைவிட்டு, அது நீதிமன்றம் வரை போய், 2017 ஏப்ரலில்தான் சமரசமானது. யார் சொல்வது நிவாரணம், யார் சொல்வது அரசியல் என்று பிரிக்க முடியாத அளவுக்குக் குழம்பிப்போனது.

ஆனால் விதி என்ற வாதத்தின் மேல் மண் அள்ளிப் போட்ட ஒரு சங்கதி 2018 பிப்ரவரியில் வெளியானது. இதே அக்டோபரில் ஃபெமா, அட்லாண்டாவைச் சேர்ந்த, ஊழியர் என்று உரிமையாளரைத் தவிர வேறு யாருமில்லாத ஒரு நிறுவனத்துக்கு 3 கோடி உணவுப் பொட்டலங்களுக்கான ஒப்பந்தத்தைக் கொடுத்திருந்தது. மதிப்பு 15.6 கோடி டாலர். வந்து சேர்ந்தவை 50,000. அவையும் தானே சூடாகும் உணவு என்று கேட்டதற்கு, உணவு தனியாகவும் சூடாக்கும் பை தனியாகவும் வந்தன. ஒப்பந்தத்தை ரத்து செய்தார்கள். காகிதத்தில் எல்லாம் முறைப்படிதான் இருந்தது. ஒரு பொட்டலம் ஐந்து டாலர் சொச்சம், மிக மலிவு. அந்த நிறுவனத்துக்கு அடுப்பு இருக்கிறதா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது.

ஒரு தீவுக்கு ஒரு வேளை

இப்போது கணக்குப் பார்ப்போம். பாராட்டுக் கட்டுரைகள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. ஆந்த்ரேஸின் அமைப்பு மரியாவுக்குப் பிறகு தீவில் கொடுத்தது மொத்தம் சுமார் 37 லட்சம் சாப்பாடு. தீவின் மக்கள்தொகை அப்போது ஏறக்குறைய 34 லட்சம். அதாவது பல மாத உழைப்பையும் சேர்த்துத் தலைக்குப் பங்கிட்டால், ஆளுக்கு ஒரே ஒரு வேளை. உச்சக்கட்டத்தில் நாளொன்றுக்கு ஒன்றரை லட்சம் என்றாலும், நாளுக்கு இரண்டு வேளை என்று வைத்தால் தீவின் தேவையில் அது நூற்றுக்கு இரண்டு. ஒரு சமையல்காரர் ஒரு தீவுக்கே சோறு போட்டார் என்ற பேச்சு இந்தக் கணக்கின் முன் நிற்காது.

அப்படியானால் இதை ஏன் ஆராய வேண்டும்? அந்த இரண்டு விழுக்காடு யாருக்குப் போனது என்பதற்காக. காசு உள்ளவர், கார் உள்ளவர், அமெரிக்காவில் உறவு உள்ளவர் எப்படியோ சமாளித்தார்கள். துண்டுச் சீட்டில் ஏறியவர்கள் வேறு ஆட்கள்: முதியோர் குடியிருப்பு, மருத்துவமனை ஊழியர், ஆற்றுக்கு அக்கரையில் மாட்டிக்கொண்ட மலையூர். சராசரிக் கணக்கு இந்த ஆட்களைக் காட்டாது. மரியாவில் இறந்தவர்கள் 64 பேர் என்று அரசு மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தது. ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வுக்குப் பிறகு, 2018 ஆகஸ்டில் அந்த எண் 2,975 ஆனது. இடைப்பட்ட அந்த ஆயிரக்கணக்கானோரில் பலர் காற்றாலும் வெள்ளத்தாலும் செத்தவர்கள் இல்லை. பின் வந்த மாதங்களில், மின்சாரமும் மருந்தும் கவனிப்பும் எட்டாமல் போனவர்கள். முதியவர்களும் ஏழைகளும் அவர்களில் அதிகம். ஒரு தட்டு சாப்பாட்டோடு ஓர் ஆள் கதவைத் தட்டுவது எத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கும் என்று எண்ணிச் சொல்ல வழியில்லை. ஆனால் தட்டிய கதவுகள் அந்தப் பட்டியலில் இருந்த கதவுகள்தான்.

இன்னொரு பக்கமும் உண்டு. இலவசச் சோறு நீண்டால் உள்ளூர்க் கடைக்காரர் என்ன செய்வார்? இந்தக் கேள்விக்கு ஹைட்டிதான் பாடப்புத்தகம். 1990களில் அரிசி மீதான இறக்குமதி வரியை ஹைட்டி பெருமளவு குறைத்தது. மானியம் பெற்ற மலிவான அமெரிக்க அரிசி குவிந்து உள்ளூர் நெல் விவசாயி நொடித்துப் போனார். அதற்குத் தானும் பொறுப்பு என்று பில் கிளின்டன் 2010 மார்ச்சில் அமெரிக்க செனட் குழு முன் வருந்தினார். ஆந்த்ரேஸ் முறையில், சரக்கை உள்ளூர் வியாபாரியிடம் வாங்கியதாலும் உள்ளூர் அடுக்களைகளிலேயே சமைத்ததாலும் பணம் தீவிலேயே சுற்றியது. அந்த வகையில் அடி குறைவு. ஆனாலும் கரண்ட் வந்து கடை திறக்கும் தெருவில் இலவசப் பந்தியை எப்போது நிறுத்துவது என்பது சமைப்பதைவிடக் கடினமான முடிவு. அவர்கள் படிப்படியாகக் குறைத்து, 2018இல் சிறு விவசாயிகளுக்கும் உணவுத் தொழில் செய்பவர்களுக்கும் மானியம் கொடுக்கும் திட்டத்துக்கு மாறினார்கள். எனக்கு இந்த வழக்கில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். புகைப்படத்துக்குத்தான் ஏற்ற பகுதி இல்லை.

இந்த முறையின் எல்லை வேறொரு மண்ணில் கொடூரமாகத் தெரிந்தது. உள்ளூர் ஆட்கள், உள்ளூர் அடுப்பு, இன்றைக்கே கொண்டுபோய்ச் சேர் என்ற அதே முறைதான் காசாவிலும். 2024 ஏப்ரல் 1 இரவு டெய்ர் அல் பலாவில் நூறு டன்னுக்கும் மேற்பட்ட உணவைக் கிடங்கில் இறக்கிவிட்டுத் திரும்பிய இந்த அமைப்பின் மூன்று கார்களை இஸ்ரேலிய டிரோன்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாக்கின. பயணத்தை முன்கூட்டியே இஸ்ரேலிய ராணுவத்திடம் தெரிவித்திருந்தார்கள். ஏழு பேர் இறந்தார்கள். பாலஸ்தீனர், ஆஸ்திரேலியர், போலந்துக்காரர், பிரிட்டனைச் சேர்ந்த மூவர், அமெரிக்க-கனடியர் ஒருவர். ராணுவம் பெரும் தவறு என்று ஒப்புக்கொண்டு இரண்டு அதிகாரிகளை நீக்கியது. அந்த மாதக் கடைசியில் அடுப்புகளை மறுபடி பற்றவைத்தார்கள். சூறாவளியில் பாலம் உடைந்தால் வேறு வழி தேடலாம். வழியே குறியாகும் இடத்தில் சமையல்காரரின் சாமர்த்தியத்துக்கு வேலையில்லை.

மறுபடி புவேர்ட்டோ ரிக்கோவுக்கே வருகிறேன். 2020 ஜனவரி 7 அன்று தீவின் தென்பகுதியில் 6.4 அளவில் நிலநடுக்கம். குவானிகா, யாவுகோ ஊர்களில் வீடு இடிந்தவர்களும், இடியாத வீட்டுக்குள் போகப் பயந்தவர்களும் மைதானங்களில் படுத்தார்கள். வேர்ல்ட் சென்ட்ரல் கிச்சன் உடனே சமைக்க ஆரம்பித்தது. யாரிடம் கோழி வாங்குவது, எந்த அடுக்களையைத் திறப்பது என்பதெல்லாம் மரியாவிலேயே படித்த பாடம்.

ஜனவரி 18 அன்று பொன்ஸேயில் ஒரு கிடங்கின் பூட்டை மக்கள் உடைத்தார்கள். உள்ளே அட்டை அட்டையாகத் தண்ணீர் பாட்டில்கள், கட்டில்கள், குழந்தை உணவு, டயப்பர்கள், கேஸ் அடுப்புகள். மரியா நிவாரணத்துக்காக 2017இல் வந்தவை, கொடுக்கப்படாமலே கிடந்தன. காணொளி பரவிய அன்றே ஆளுநர் வாண்டா வாஸ்கெஸ் பேரிடர் மேலாண்மைத் தலைவரைப் பதவியிலிருந்து நீக்கினார். அந்தக் கிடங்குக்கும் குவானிகாவில் மக்கள் படுத்திருந்த மைதானங்களுக்கும் நடுவே லாரியில் போனால் ஒரு மணி நேரம் கூட ஆகாது.